ராத்திரி வராத கோர்வை காலையில் எப்படி வருகிறது?

கேட்டவர்: மிருதங்கப்பித்தன்
எனக்கு 43 வயது. இரண்டு வருடமாக மிருதங்கம் கற்கிறேன். நேற்று மாலை ஆதி தாளத்தில் ஒரு கோர்வை (வாசிப்பை முடித்துவைக்கும் சொற்கட்டுத் தொகுப்பு). முடிவில் மூன்று முறை வரும் ததிங்கிணதொம் என்ற சொல்லில் 'கி'யிலிருந்து 'ண'வுக்குத் தாவும்போது ஆள்காட்டி விரல் பிந்திக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் தட்டியும் வரவில்லை, மனசு விட்டுப்போய்ப் படுத்துவிட்டேன். இன்று காலை அடுப்பில் பால் காய்வதற்குள் சும்மா உட்கார்ந்து வாசித்தால், முதல் தடவையே சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழுகிறது! நடுவில் தூங்கியதைத் தவிர எதுவும் செய்யவில்லை. மூளை என்ன செய்தது?

நரம்பியல் மாணவி
தூங்கியதே பெரிய வேலைதான். 2002-இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு ஐந்து தட்டல் கொண்ட விரல் வரிசையைப் பழக்கியது. ஒரு இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் சுமார் 20% கூடியது, பிழை கூடவில்லை. பகலில் விழித்திருந்த அதே அளவு நேரத்தில் அப்படி நடக்கவில்லை. இதன் உள்வேலைக்கு ஒரு தடயம் எலிகளில் முன்பே கிடைத்திருந்தது. ஓடும்போது ஹிப்போகாம்பஸில் (நினைவைப் பதிக்க உதவும் மூளைப் பகுதி) சேர்ந்து துடித்த செல்கள், பிறகு தூக்கத்திலும் சேர்ந்து துடித்ததை 1994-இல் வில்சனும் மெக்நாட்டனும் பதிவு செய்தார்கள்.
விழித்திருக்கும்போதும் இது உண்டு. 10 விநாடி தட்டல், 10 விநாடி ஓய்வு என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் சோதித்தார்கள். அந்தக் குட்டி ஓய்வில் மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறது என்று 2021-இல் வெளியிட்டார்கள். ஆரம்பகட்டத்தில் தேர்ச்சி கூடியதும் பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான்.

மிருதங்கப்பித்தன்
படிக்கும்போதே சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எங்கள் வாத்தியார், "கையை மடியில் வை, பேசாதே" என்பார். விரல் வலிக்காமலிருக்க என்று நினைத்திருந்தேன். நானோ அந்த நேரத்தில் போனை எடுத்துவிடுவேன்.

வயலின் அக்கா
தம்பி, போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, தப்பான சுற்றோடு எழுந்திருக்காதீர்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாவது சரியாக ஒரு தடவை வாசித்துவிட்டுப் படுங்கள். முப்பது வருடமாக என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

மிருதங்கப்பித்தன்
சரிக்கா. இன்றைக்கு வாத்தியார் கண்ட நடையில் (அடிக்கு ஐந்து எண்ணிக்கை) ஒரு மோரா (முடிப்புக்கு வரும் சிறு சொற்கட்டு) கொடுத்திருக்கிறார். ஒன்பதரைக்குள் மெதுவான கீழ்க்காலத்தில் ஒருமுறை சரியாக வாசித்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் வந்து சொல்கிறேன்.