எடின்பரோவில் ஒரு வார இறுதி: முட்டி வலியுள்ள அம்மாவோடு எதையெல்லாம் பார்க்கலாம்?

ரெடிங்_கயல்:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் ஸ்காட்லாந்து போகிறோம். லண்டனிலிருந்து ரயிலில் வெள்ளி மாலை எடின்பரோ போய்ச் சேர்ந்து, திங்கள் மாலை கிளம்புவதாக எண்ணம். திரும்பி வர இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. நான், கணவர், பத்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. சமதளத்தில் மெதுவாக நன்றாகவே நடப்பார். படிதான் ஆகாது. சுத்த சைவம். மகனுக்கு செஸ் என்றால் சாப்பாடே வேண்டாம்.

தேடிப் பார்த்தால் எல்லாப் பட்டியலிலும் கோட்டை, ஆர்தர்ஸ் சீட், கால்டன் ஹில் என்று ஏற்றமாகவே இருக்கிறது. அம்மாவை ஓட்டல் அறையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் சுற்ற மனம் வரவில்லை. இந்த ஊரை அவரும் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் போவது கொடுக்கிற காசுக்குத் தகுமா? கிளாஸ்கோவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி.


லீத்_வாசி:

கயல், இந்த ஊருக்கு வரைபடத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். பக்கத்துத் தெரு என்று காட்டும் இடம் நேரில் ஐந்தாறு மாடி உயரத்தில் இருக்கும். பாலத்தின் மேல் நடக்கிறோம் என்பதே தெரியாமல் நடப்போம், எட்டிப் பார்த்தால் கீழே இன்னொரு தெரு ஓடும். என் மாமியார் வந்து தங்கும்போதெல்லாம் நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: உயரமான இடத்துக்கு வண்டியில் போய் இறங்கிவிடுவோம், அங்கிருந்து சரிவிலேயே மெதுவாக நடந்து வருவோம். படி இறங்குவதும் முட்டிக்கு ஆகாது என்பதால் படியில்லாத சரிவாகப் பார்த்துக்கொள்வோம்.

அதற்கு ராயல் மைல் மாதிரி தோதான தெரு வேறு இல்லை. கோட்டை நிற்கும் பாறை, சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலையின் அடைபட்ட தொண்டை. பனியுகத்தில் மேற்கிலிருந்து வந்த பனிப்பாறை அதில் மோதி இரு பக்கமும் விலகிப் போனது. அதனால் பாறைக்குப் பின்னால் கிழக்கே வால் போல ஒரு மேடு அழியாமல் மிஞ்சிவிட்டது. ராயல் மைல் அந்த வாலின் முதுகில்தான் போகிறது. கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை ஒரே இறக்கம். எதிர்த் திசையில் நடந்தால் அதே தெரு ஆளைக் கொன்றுவிடும். ஆகவே சனிக்கிழமை காலை டாக்சி எடுத்து, கோட்டைக்கு எவ்வளவு பக்கத்தில் விடுவார்களோ அங்கே இறங்குங்கள்.

கோட்டைக்குள் போவதா? உங்கள் வீட்டுக்கு நான் அவசியம் என்று சொல்ல மாட்டேன். உள்ளேயும் ஏற்றம், கரடுமுரடான கல் தரை. நடக்கச் சிரமப்படுபவர்களை மேலே கொண்டு விட ஒரு வண்டி உண்டு, வாசலில் கேளுங்கள். பார்க்க வேண்டியவை ஸ்காட்லாந்தின் மணிமுடியும் செங்கோலும், 12ஆம் நூற்றாண்டின் செயின்ட் மார்கரெட் சிற்றாலயம், 1449இல் வார்த்த மான்ஸ் மெக் என்ற ராட்சத பீரங்கி. மன்னர்கள் முடிசூடும்போது வைக்கும் ‘ஸ்டோன் ஆஃப் டெஸ்டினி’ என்ற பழைய கல், கோட்டையில் இருப்பதாகப் பல வழிகாட்டிகளில் இன்னும் போட்டிருப்பார்கள். 2024 மார்ச்சிலிருந்து அது ஸ்காட்லாந்திலேயே உள்ள பெர்த் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போவதாக முடிவு செய்தால் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வாசலில் எடுப்பதைவிட மலிவு.

ஆனால் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அந்தப் பக்கம் எங்காவது இருங்கள். கோட்டையிலிருந்து பீரங்கி வெடிக்கும். கால்டன் ஹில்லில் உள்ள நெல்சன் கோபுரத்தின் உச்சியில் ஒரு மணிக்கு ஒரு பெரிய பந்து கீழே விழும். லீத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டன. கடல் மூடுபனி வந்தால் பந்து தெரியாது. அதனால் 1861இல் இந்த வெடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கோட்டையிலிருந்து கீழே வந்தால் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். உள்ளே திஸில் சிற்றாலயம் என்று ஒரு சின்ன அறை, 1911இல் முடித்தது. மரச் செதுக்கலில் பேக்பைப் ஊதும் ஒரு தேவதை இருக்கிறது. மகனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ராயல் மைலின் இரு பக்கமும் பிரியும் குறுகிய சந்துகள், இங்கே ‘குளோஸ்’ என்பார்கள். பெரும்பாலும் செங்குத்தான படிகள். அம்மா வாயிலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும், அதுவே அழகு.

செயின்ட் ஜைல்ஸுக்கு முன்னால் வரும் ஜார்ஜ் IV பிரிட்ஜ் தெருவில் திரும்புங்கள். சமதளம். கொஞ்ச தூரத்தில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். இந்த ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன். நுழைவு இலவசம், லிஃப்ட் உண்டு, உட்கார நிறைய இடம் உண்டு, மொட்டை மாடியிலிருந்து கோட்டையும் ஊரும் முழுதாகத் தெரியும். அம்மா ஒரு படி ஏறாமல் அந்தக் காட்சியைப் பார்த்துவிடலாம். 1996இல் குளோனிங் முறையில் பிறந்த டாலி என்ற ஆட்டைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதைவிட, உங்கள் மகனுக்காகவே வைத்தது போல, லூயிஸ் தீவில் கிடைத்த செஸ் காய்கள் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் வேலைப்பாடு, பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. கண்டெடுத்தவற்றில் 82 லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, 11 இங்கே. ராணி கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு உட்கார்ந்திருப்பாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அவள் முன்னாலிருந்து நகர மனம் வராது.

அருங்காட்சியகத்துக்கு எதிரே கிரேஃப்ரையர்ஸ் பாபி என்ற நாய்ச் சிலை. மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தடவித் தடவி மேல்பூச்சே போய்விட்டது. தயவுசெய்து தொடாமல் படம் எடுங்கள்.

ஞாயிறு லீத் பக்கம் வாருங்கள். பிரின்சஸ் தெருவில் டிராம் ஏறினால் ஓஷன் டெர்மினலில் இறங்கலாம். 2023இலிருந்து டிராம் அதுவரை, அதையும் தாண்டி நியூஹேவன் வரை வருகிறது. அங்கே அரச குடும்பத்தின் பழைய கப்பல் பிரிட்டானியா நிற்கிறது. எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட் வசதி உண்டு. கோட்டைக்குக் கொடுக்கும் பணத்தை உங்கள் இடத்தில் நான் இதற்குத்தான் கொடுப்பேன். கப்பலின் கடிகாரங்கள் எல்லாம் 3:01இல் நிற்கும். 1997இல் ராணி கடைசியாகக் கப்பலை விட்டு இறங்கிய நேரம் அது. பிறகு ஷோர் பகுதியில் தண்ணீர் ஓரமாக நடந்தால் முழுக்கச் சமதளம்.

மே கடைசியில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கணவரும் மகனும் ஆர்தர்ஸ் சீட் ஏறட்டும், 251 மீட்டர்தான், சரிவெங்கும் மஞ்சள் பூத்த கோர்ஸ் புதர்கள் மிச்சம் இருக்கும். நல்ல காலணி வேண்டும், உச்சிக்குப் பக்கத்தில் பாறை வழுக்கும். நீங்களும் அம்மாவும் கால்டன் ஹில்லுக்குப் போங்கள். வாட்டர்லூ பிளேஸ் பக்கம் படி. ரீஜன்ட் ரோடு பக்கமாகப் போனால் படியில்லாமல் வண்டிப் பாதை மேலே போகிறது. மேலே பன்னிரண்டு தூண்கள் மட்டும் நிற்கும். கிரேக்கத்துப் பார்த்தினான் கோயிலைப் போலக் கட்டத் தொடங்கி, பணம் தீர்ந்து 1829இல் நிறுத்திவிட்டார்கள். அந்தி வெளிச்சத்தில் அங்கிருந்து கோட்டையும் கடலும் சேர்ந்தே தெரியும்.

ஹோலிரூட் அரண்மனை உங்கள் பட்டியலில் இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே பிற்பகுதியில் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப் பேரவை நடக்கும் நாட்களில் அரண்மனையைப் பார்வையாளர்களுக்கு மூடுவது வழக்கம்.


கிளைட்_கரை:

லீத்_வாசி சொன்னதோடு சேர்த்து, திங்கட்கிழமையை முழுசாக எங்கள் கிளாஸ்கோவுக்குக் கொடுங்கள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்கிறீர்களே, திரும்பும் ரயிலை கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து லண்டன் யூஸ்டனுக்கு எடுங்கள். மறுபடி எடின்பரோ போக வேண்டியதில்லை. எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு சுமார் ஐம்பது நிமிடம், வண்டிகள் அடிக்கடி உண்டு. நெரிசல் நேரத்துக்குத் தனிக் கட்டணம் என்பது 2025 செப்டம்பரோடு ஒழிந்தது, அதனால் காலையிலேயே கிளம்பலாம்.

நேராக கெல்வின்குரோவ் அருங்காட்சியகம் போங்கள். 1901இல் திறந்த சிவப்புக் கல் மாளிகை, இலவசம். நடுக்கூடத்தில் பெரிய ஆர்கன் ஒன்று இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை மதியம் ஒரு மணிக்கு வாசிப்பார்கள். அம்மாவைக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். அந்த ஒலி தரையிலிருந்து காலுக்கு ஏறும். தலைக்கு மேலே ஸ்பிட்ஃபயர் விமானம் தொங்கும் கூடம் மகனுக்கு. ஓவியர் சால்வடோர் டாலி வரைந்த சிலுவை ஓவியமும் இங்கேதான். மாநகராட்சி அதை 1952இல் 8,200 பவுண்டுக்கு வாங்கியபோது வீண் செலவு என்று ஊரே சண்டை போட்டது. சிலுவையை மேலேயிருந்து கீழே பார்க்கும் கோணம், அச்சில் பார்ப்பதற்கும் நேரில் நிற்பதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம்.

எங்கள் சப்வே 1896இலேயே வந்தது, பதினைந்து நிலையங்கள், ஒரே வட்டம். மகனுக்குக் கட்டாயம் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இல்லை. அப்பாவும் பிள்ளையும் புக்கானன் ஸ்ட்ரீட்டிலிருந்து கெல்வின்ஹால் வரை அதில் வரட்டும், நீங்கள் அம்மாவோடு டாக்சியில் வந்துவிடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் மாலையில் நகர மையத்துச் சுவரோவியங்கள். ஹை ஸ்ட்ரீட்டில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தாத்தா கையில் ராபின் குருவியோடு நிற்பார், ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர் முழுக்க அவர்தான். ஊரின் காவல் புனிதர் மங்கோவை இந்தக் காலத்து மனிதராக வரைந்தது. கதீட்ரல் அங்கிருந்து பக்கம், புனிதரின் கல்லறை அதன் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பின்னால் உள்ள நெக்ரோபோலிஸ் குன்று மட்டும் அம்மாவுக்கு வேண்டாம்.


வடகடல்:

கோட்டை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. செஸ் விளையாடும் பத்து வயதுப் பையன் மான்ஸ் மெக்கைத் தொடும் தூரத்தில் நின்று பார்க்காமல் போகக் கூடாது. அப்பாவும் பிள்ளையும் சனிக்கிழமை திறந்தவுடன் உள்ளே போய் வரட்டும். அந்த நேரம் நீங்களும் அம்மாவும் கீழே பிரின்சஸ் ஸ்ட்ரீட் தோட்டத்தில் இருங்கள். கோட்டையின் முழு உயரம் தெரிவது அங்கிருந்துதான். முன்பு அங்கே ஊர்க் கழிவெல்லாம் சேர்ந்த நார் லாக் என்ற ஏரி இருந்தது, அதை வடித்துத்தான் தோட்டம் வந்தது. பக்கத்திலேயே தேசிய ஓவியக் கூடம், அதுவும் இலவசம்.

இன்னொன்று. வரும்போது ரயிலில் வலப்பக்க ஜன்னல் இருக்கை கேட்டு எடுங்கள். டரம் கதீட்ரலும் அந்தப் பக்கம்தான், பெரிக் தாண்டியதும் கடல் பாறையை ஒட்டியே வண்டி ஓடும். அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரமே ஒரு சுற்றுலா.

குடை எடுக்காதீர்கள். இங்கே காற்று அதை உடைத்துவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். ஓட்டல் பதிவு செய்யும்போது ஒரு விஷயம்: 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்கும் இரவுகளுக்கு அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் நகராட்சி வரி சேர்கிறது, அதிகபட்சம் முதல் ஐந்து இரவுகளுக்கு. அந்தத் தேதிக்கு முன்னால் வருவதானால் உங்களுக்குக் கிடையாது.


ரெடிங்_கயல்:

மூவருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன், அம்மா கப்பல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கோட்டை அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும், பிரிட்டானியா எல்லோருக்கும், திங்கள் கிளாஸ்கோ வழியாகத் திரும்புகிறோம். சாப்பாடு மட்டும் கவலை. அந்த ஊர்ச் சாப்பாட்டில் அம்மா தொடக்கூடியது ஏதாவது உண்டா?


லீத்_வாசி:

கவலை வேண்டாம். ஹாகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்வது. ஆனால் பருப்பு, ஓட்ஸ், காய்கறி வைத்துச் செய்த சைவ ஹாகிஸ் இங்கே பெரும்பாலான பப்களிலும் உணவகங்களிலும் கிடைக்கும். மசித்த உருளைக்கிழங்கும், ஸ்வீடு (swede) என்ற டர்னிப் வகைக் கிழங்கும் கூட வரும். மிளகு தூக்கலாக இருக்கும், என் மாமியாருக்குப் பிடித்தது. கூட ஊற்றும் கிரேவி மட்டும் சைவமா என்று கேட்டுவிடுங்கள். பேக்கரிகளில் மக்ரோனி பை உண்டு, மகனுக்கு ஆகும். இனிப்புக்கு டேப்லெட்: சர்க்கரை, வெண்ணெய், கெட்டிப்பால் காய்ச்சி வில்லை போட்டது, நம் பால்கோவாவை இறுக்கி வெட்டியது போல இருக்கும். பாக்கெட்டில் முட்டையோ ஜெலட்டினோ இல்லையென்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

சில்லறை வாங்கும்போது ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிட்ட நோட்டுகள் வரும். அவற்றை இங்கேயே செலவழித்துவிடுங்கள், ரெடிங்கில் சில கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். பேருந்து, டிராம் எல்லாவற்றுக்கும் கார்டைத் தட்டினால் போதும். டிராமில் மட்டும் ஏறுவதற்கு முன்பே நிறுத்தத்தில் உள்ள கருவியில் தட்டிவிட வேண்டும்.