டிராலி ஜாக்கியா, ஸ்டாண்டா: 8,000 ரூபாயில் எதற்கு முதலிடம்?

கொங்குநாட்டான்

வணக்கம். எங்கள் வீட்டில் 2018 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றும் அப்பாவின் இன்னோவா கிரிஸ்டா ஒன்றும் இருக்கின்றன. ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, சஸ்பென்ஷன் புஷ்களைப் பார்ப்பது போன்ற வேலைகளை இனி வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். வண்டியைத் தூக்கும் ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். சக்கரங்களில் உருளும் பெரிய 3 டன் டிராலி ஜாக்கியை வாங்கிவிட்டு, மீதிப் பணத்துக்குக் கிடைக்கும் ஸ்டாண்டுகளை எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் சொல்கிறார். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டாலே போதும், ஸ்டாண்டு வேண்டியதில்லை என்கிறார் நண்பர் ஒருவர். போர்ட்டிகோ சிமெண்டுத் தரை. அதற்கு வெளியே பேவர் பிளாக் பதித்திருக்கிறோம். ஸ்விஃப்ட்டில் தரையிலிருந்து கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பு வரை 18 செ.மீ. இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பட்டறைப் பிள்ளை

நண்பரே, கடைக்காரர் சொன்ன வரிசையே சரி. பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து விற்கப்படும் சிறிய 2 டன் டிராலி ஜாக்கியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதன் உடல் அரை மீட்டர் நீளம்கூட இருக்காது என்பதால், முன்சக்கரங்களுக்கு நடுவில் குறுக்கே செல்லும் கிராஸ் மெம்பரைத் தொட வேண்டுமானால் ஜாக்கி முழுவதையும் பம்பருக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கும். தள்ளிய பிறகு கைப்பிடியை அசைக்கவே இடம் இருக்காது. அது ஏறும் உயரமும் 33 செ.மீ. அளவோடு நின்றுவிடும். உடல் நீளமான 3 டன் ஜாக்கி ஏறக்குறைய அரை மீட்டர் வரை தூக்கும், தரையில் அகலமாக உட்காரும், இறக்கும்போதும் கைப்பிடிக்குக் கட்டுப்பட்டு மெதுவாக இறங்கும்.

3 டன் என்ற எண்ணுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த எண்ணோடு சேர்ந்து வரும் நீளமும் உயரமும் உறுதியும்தான் வீட்டில் வேலை செய்பவருக்கு முதலில் தேவைப்படுகின்றன.

திருகுமறை

பட்டறைப் பிள்ளை அவர்கள் சொன்ன நீளக் கணக்கை ஏற்கிறேன்; முன்னுரிமையை ஏற்க முடியவில்லை. ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான கருவி அன்று. அதற்குள் இருக்கும் எண்ணெயை அழுத்தத்தோடு பிடித்து வைத்திருப்பவை சில ரப்பர் சீல்களும், ஒரு சிறிய எஃகுக் குண்டு உட்கார்ந்து அடைக்கும் வால்வும்தான். சீல் தேய்ந்தாலோ, வால்வின் இருக்கையில் தூசு அளவு அழுக்கு சிக்கினாலோ, வண்டி தானாக இறங்கத் தொடங்கும். கைப்பிடியைத் தெரியாமல் யாராவது திருப்பினாலும் அதுதான் நடக்கும். ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. எஃகின் மீது எஃகு நிற்கிறது. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவரின் மார்புக்கும் வண்டிக்கும் இடையில் இருக்கப்போவது ஸ்டாண்டு என்பதால், பணம் முதலில் அங்கே போக வேண்டும்.

எடையையும் பார்ப்போம். ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ. அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன்பக்கம் என்று வைத்தாலும், முன்பக்கம் முழுவதையும் தூக்க ஜாக்கியின் மீது விழுவது 540 கிலோதான். இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோவை ஒட்டி இருக்கும். அதன் பின்பக்கத்தைத் தூக்கினாலும் ஒரு டன்னைத் தாண்டாது. ஆகவே நல்ல 2 டன் ஜாக்கி உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் தாராளமாகப் போதும். ஸ்டாண்டில் மட்டும் ஒட்டியிருக்கும் தாளைக் கவனமாகப் படியுங்கள். சில நிறுவனங்கள் தாங்கும் எடையை ஒரு ஸ்டாண்டுக்கு என்றும், சில நிறுவனங்கள் இணைக்கு என்றும் எழுதுகின்றன. இணைக்கு 2 டன் என்றால் ஒன்று தாங்குவது ஒரு டன்தான்.

பட்டறைப் பிள்ளை

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகச் சொல்லி நான் எழுதவில்லை. அப்படி யாரும் செய்யக் கூடாது என்பதில் உங்களைப் போலவே நானும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் ஸ்டாண்டின் மேல் வண்டியை உட்கார வைக்கவே முடியாவிட்டால், எவ்வளவு தரமான ஸ்டாண்டு வாங்கி என்ன பயன்?

இந்த வண்டியிலேயே பாருங்கள். தகட்டு மடிப்பு 18 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சாதாரண 3 டன் ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரமே 28 செ.மீ. அளவில் தொடங்குகிறது. எனவே குறைந்தது 10 செ.மீ. தூக்கி, அதற்கு மேலும் சிறிது இடைவெளி விட்டால்தான் ஸ்டாண்டை உள்ளே நகர்த்த முடியும். மடிப்பில் ஜாக்கி வைப்பதற்கென்று நிறுவனம் வலுப்படுத்திக் கொடுத்த இடமோ பக்கத்துக்கு இரண்டுதான்: முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று. அந்த இடத்திலேயே ஜாக்கியை வைத்துத் தூக்கினால் ஸ்டாண்டை எங்கே வைப்பீர்கள்? புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் சிக்கிக்கொண்டு, ஸ்டாண்டைத் தரைத்தகட்டின் மெல்லிய பகுதியில் வைத்து நசுக்கிவிடுகிறார்கள். நடுவில் கிராஸ் மெம்பரைப் பிடித்துத் தூக்கி, இரு பக்கமும் வலுவான இடங்களில் ஸ்டாண்டு வைப்பதே இதற்கு வழி. அதற்கு நீளமான ஜாக்கி இல்லாமல் முடியாது.

நடுவில் வைக்கும்போது கண்ணால் பார்த்து வையுங்கள். கிராஸ் மெம்பருக்கு மிக அருகிலேயே என்ஜின் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப் இருக்கும். கையால் தடவி வைத்துத் தூக்கினால் சம்ப் நெளிந்துவிடும். எந்த இடத்தில் தூக்கலாம் என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

செம்மண் சாலை

இருவரும் சிமெண்டுத் தரையை மனத்தில் வைத்தே பேசுகிறீர்கள். மண் தரையில் நான்கு கால் ஸ்டாண்டு எப்படி இறங்கும் என்பதைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். எங்கள் பக்கத்து டிராக்டர் பட்டறைகளில் வேலங்கட்டைகளைத்தான் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டாக அடுக்கி, அதன் மேல் வண்டியை இறக்குகிறார்கள். காசும் குறைவு, சாயவும் சாயாது. கட்டை உடைவதற்கு முன் நெரிபட்டுச் சத்தம் கொடுக்கும். இரும்பு சொல்லாமல் விழும். எட்டாயிரத்தையும் ஜாக்கியிலேயே போட்டுவிட்டு, மரக்கடையில் நல்ல கட்டை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை என்பேன்.

திருகுமறை

ஐயா, கட்டை அடுக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இடிபாட்டு மீட்புப் பணிகளில் இன்றும் அதே முறையில்தான் பாரத்தைத் தாங்க வைக்கிறார்கள். ஆனால் அதற்கான நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெடிப்பில்லாத காய்ந்த வன்மரம் வேண்டும், எல்லாக் கட்டைகளும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும், அடுக்கு அகலத்தைவிட உயரமாகப் போகக் கூடாது. நகரத்தில் இருப்பவர் இப்படிப்பட்ட கட்டைகளைத் தேடி அலைந்து, கிடைக்காத கட்டத்தில் ஹாலோ பிளாக்கை எடுத்து வைத்துவிடுவார் என்பதே என் அச்சம். ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் சுவரில் பரவலான பாரத்தைத் தாங்குபவை. காரின் சிறிய விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தினால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு நொடியில் தூளாகும். இதை மட்டும் யாரும் எந்த அவசரத்திலும் செய்ய வேண்டாம்.

பேவர் பிளாக்கில் ஸ்டாண்டு வைப்பதானால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் 18 மி.மீ. பிளைவுட் பலகை போடுங்கள். வெயில் காலத்தில் தார்ச் சாலையோரம் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் மெல்ல அமிழும். ஸ்டெப்னியைக் கிடத்துவது நல்ல பழக்கம். ஆனால் அது ஸ்டாண்டுக்குத் துணையே தவிர ஸ்டாண்டுக்குப் பதிலாகாது.

அடுத்து ஸ்டாண்டின் வகை. பற்களில் கொக்கி மாட்டி நிற்கும் ராட்செட் ஸ்டாண்டை வாங்காதீர்கள், குறுக்கே பின் (ஆணி போன்ற கம்பி) செருகி வைக்கும் ஸ்டாண்டை வாங்குங்கள். அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் தன் 3 டன், 6 டன் ராட்செட் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. உற்பத்திக் கருவிகள் தேய்ந்துபோனதால் பற்களும் அவற்றைக் கவ்வும் கொக்கியும் முழுமையாகப் பொருந்தவில்லை. பாரம் ஏறிய நிலையில் வண்டி சற்று அசைந்தால் ஸ்டாண்டு திடீரென இறங்கக்கூடும் என்று கண்டறிந்தார்கள். பின் வகையில் விரல் தடிமனுள்ள எஃகுக் கம்பி இரண்டு துளைகளின் வழியாகக் குறுக்கே போகிறது. அது முழுவதும் நுழைந்திருக்கிறதா என்பதை மூன்றடி தள்ளி நின்றே பார்த்துவிடலாம்.

பட்டறைப் பிள்ளை

அந்தச் செய்தியின் மறுபாதியையும் சொல்லுங்கள். அப்போது மாற்றாக விற்கப்பட்ட ஸ்டாண்டுகளில் ஒரு வகையும் பற்றவைப்புக் குறையால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. பற்றவைப்பு சரியில்லாவிட்டால் பின் ஸ்டாண்டும் விழும். குறை அமைப்பில் இல்லை, செய்நேர்த்தியில் இருந்தது.

பின் ஸ்டாண்டில் துளைகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் ராட்செட் பற்களின் இடைவெளியைவிடப் பெரிது. ஒரு துளை குறைவு, அடுத்த துளை அதிகம் என்ற நிலையில் இடது பக்கம் ஓர் உயரத்திலும் வலது பக்கம் வேறோர் உயரத்திலும் வைப்பவர்கள் உண்டு. அது ராட்செட்டைவிட ஆபத்தானது. கொக்கியோடு கூடவே குறுக்குப் பின்னும் செருகும்படி இரட்டைப் பூட்டு உள்ள ராட்செட் ஸ்டாண்டுகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்கலாம் என்பதே என் கருத்து. எந்த வகையானாலும் கடையிலேயே ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு கால்களும் மேல்குழாயில் சேரும் இடத்தில் பற்றவைப்பு இடைவெளியின்றித் தொடர்ந்து ஓட வேண்டும். பொட்டுப் பொட்டாக வைத்துப் பெயிண்டால் மூடியிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

கொங்குநாட்டான்

இருவருக்கும் நன்றி. இன்னோவாவைப் பற்றி ஒரு கேள்வி. பின்பக்கம் தூக்கும்போது கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கும் இழுத்துவிட்டால் போதுமா?

திருகுமறை

போதவே போதாது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. கிரிஸ்டா பின்சக்கரங்களால் ஓடும் வண்டி என்பதால் கியரும் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் இந்த இரண்டு பிடிகளும் காற்றில் போய்விடுகின்றன. தரையில் நிற்கும் முன்சக்கரங்கள் இரண்டும் உருளத் தயாராக இருக்கும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

ஸ்விஃப்ட் முன்சக்கரங்களால் ஓடுவதால் பின்பக்கம் தூக்கும்போது கியர் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும், முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும். அதிலும் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால் கியரை நம்ப முடியாது. இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் காற்றில் நிற்கும் சக்கரம் சுற்றும், தரையில் உள்ளது உருளும்.

பட்டறைப் பிள்ளை

இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜாக்கியின் கை மேலே போகும்போது நேராகப் போகாமல் வில்லாக வளைந்து போகும் என்பதால், ஜாக்கியோ வண்டியோ சில சென்டிமீட்டர் நகர்ந்தாக வேண்டும். வண்டியைக் கட்டை போட்டு நிறுத்திவிட்டதால் ஜாக்கிதான் உருள வேண்டும். பேவர் பிளாக் இடுக்கில் அதன் சக்கரம் மாட்டிக்கொண்டால் தாங்கும் தட்டு வழுக்கத் தொடங்கும். எனவே தூக்கும் வேலையைப் போர்ட்டிகோ சிமெண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னோவாவுக்கு உயரமான ஜாக்கி வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்தைப் (சேஸிஸ்) பிடித்துத் தூக்கினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரம் தொங்கிக்கொண்டே வரும். வெகு உயரம் தூக்கிய பிறகே டயர் தரையை விடும்.

திருகுமறை

பின்பக்கத்துக்கு அந்தக் காரணம் நிற்காது. கிரிஸ்டாவில் பின்னால் முழு அச்சு இருக்கிறது. நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கூட்டைப் பிடித்துத் தூக்கி, இருபுறமும் அச்சுக் குழாய்களுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தால், சக்கரம் தொங்குவதற்கு இடமே இல்லை. சில சென்டிமீட்டரிலேயே டயர் தரையை விட்டுவிடும். பிரேக் பைப் அச்சுக் குழாயின் மேல் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதை நசுக்காத இடத்தில் வையுங்கள். முன்பக்கத்துக்கு உங்கள் கருத்தை ஏற்கிறேன்.

கொங்குநாட்டான்

முதலில் ஒரு ஸ்டாண்டுக்கு 3 டன் என்று தெளிவாக எழுதியிருக்கும் பின் ஸ்டாண்டு ஓர் இணை வாங்கிவிடுகிறேன். மீதிப் பணத்தில் நீளமான ஜாக்கி புதிதாகக் கிடைக்காது போலிருக்கிறது. பழைய பட்டறை ஜாக்கி ஒன்று விலைக்கு வருகிறது, அதை வாங்கலாமா?

பட்டறைப் பிள்ளை

தாராளமாக வாங்கலாம். கடைக்குப் போய், ஏதாவது ஒரு வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சக்கரம் தரையை விட்ட நிலையில், தரையிலிருந்து தாங்கும் தட்டு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளங்கள். இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். சீல் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். உள்ளிருந்து நீளும் உருளையில் துருப்புள்ளியோ கீறலோ இருந்தால் மட்டும் வாங்க வேண்டாம், ஏனென்றால் புது சீலையும் அது அறுத்துவிடும்.

திருகுமறை

ஜாக்கியைப் பழையதாக வாங்க எனக்கும் மறுப்பில்லை, அதைப் பிரித்துப் பழுது பார்த்துவிட முடியும். அதே கடையில் பழைய ஸ்டாண்டுகளையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் எடுக்காதீர்கள். முன்பு எவ்வளவு பாரம் ஏற்றினார்கள், எத்தனை முறை கீழே போட்டார்கள் என்பது தெரியாது. பற்றவைப்பில் விழுந்த மயிரிழை விரிசல் பெயிண்டுக்கு அடியில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புது ஸ்டாண்டில் வண்டியை இறக்கியதும், ஜாக்கியை முழுவதும் எடுத்துவிடாமல் தட்டு லேசாகத் தொட்டபடி விட்டுவிட்டு, வெளியில் நின்றே பம்பர் ஓரத்தில் இரு கைகளாலும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஸ்டாண்டின் ஒரு கால் எழும்பினாலும் திரும்பத் தூக்கிச் சரியாக வைத்த பிறகே அடியில் போங்கள்.