மினிமல் சான்ஸ் செரிஃப் ஃபான்ட் எடுக்கும்போது உங்களுக்கு என்ன அனுபவம்? எழுதுங்க மக்களே

வணக்கம். இப்போ வர்ற க்ளையன்ட்டுங்க வாயத் திறந்ததுமே "சிம்பிளா, நீட்டா, மினிமலா ஒரு ஃபான்ட் போடுங்க"ன்னு தான் ஆரம்பிக்கிறாங்க, ஜவுளிக்கடையோ க்ளினிக்கோ எல்லாருக்கும் அதே தான். கேக்குறது தப்பே இல்ல. ஆனா சான்ஸ் செரிஃப்னா (எழுத்து முனையில சின்னச் சின்ன குறுக்குக்கோடு இல்லாத ஃபான்ட்) எல்லாம் ஒண்ணு தானேன்னு கைக்குக் கிடைச்சத எடுத்துப் போட முடியாது, அதுவும் பக்கத்துலயே தமிழும் வரணும்னா. அவங்கவங்க அனுபவத்த எழுதுங்க, முதல்ல என்னோடது.

ஒரு மகப்பேறு க்ளினிக்குக்கு போர்டு, லெட்டர்பேட், மருந்துச் சீட்டு எல்லாம் பண்ற வேலை. டாக்டரம்மாவுக்கு ஃப்யூச்சுரா தான் வேணும். பால் ரென்னர் 1927ல கொண்டுவந்தது, வட்டமும் நேர்கோடுமா கட்டின எழுத்து, இன்னிக்குப் பாத்தாலும் புதுசா தெரியும். போர்டுல இங்கிலீஷ் பேரு பெருசா வர்ற இடத்துல அள்ளுச்சு, அதுல மறுபேச்சு இல்ல. ஆனா மருந்துச் சீட்டுல அட்ரஸ், ஈமெயில், பதிவு நம்பர் எல்லாம் 7, 8 பாயின்ட்ல வரணும்ல, அங்க தான் இடிச்சுது. ஃப்யூச்சுராவுல ஸ்மால் லெட்டர் உசரம் கம்மி, அதே 8 பாயின்ட்ல மத்த ஃபான்ட்ட விட பொடிசா தெரியும், போதாததுக்கு கேப்பிடல் ஐ, ஸ்மால் எல் ரெண்டுமே வெறும் கோடு. இதெல்லாம் ஸ்க்ரீன்ல விளக்கிட்டு இருந்தா வேலைக்காகாது, ஃப்யூச்சுராவுல ஒரு தாள், இன்டர்ங்கற இன்னொரு ஃபான்ட்ல ஒரு தாள் ப்ரின்ட் எடுத்து ரிசப்ஷன்ல இருந்த அக்காகிட்ட குடுத்து ஈமெயில் ஐடிய சத்தமா வாசிங்கன்னு சொன்னேன். முதல் தாள்ல எல் எழுத்த ஐன்னு வாசிச்சாங்க, ரெண்டாவதுல தடங்கலே இல்ல. டாக்டரம்மா அங்கயே ஒத்துக்கிட்டாங்க, பெரிய எழுத்துக்கு ஃப்யூச்சுரா, சின்ன எழுத்துக்கு இன்டர். இன்டர் வந்து ராஸ்முஸ் ஆண்டர்சன் கம்ப்யூட்டர் ஸ்க்ரீனுக்குன்னே பண்ணது, எல்லுக்கு வால் வச்ச மாற்று வடிவம், குறுக்குக்கோடு போட்ட சைபர் எல்லாம் உள்ளயே இருக்கு, டிசைன் சாஃப்ட்வேர்ல இருக்கற ஓப்பன்டைப் பேனல்ல ஆன் பண்ணா போதும்.

அடுத்தது தமிழ். இன்டர்ல தமிழ் எழுத்தே கிடையாது, ஜோடி தேடணும். ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ்னு ஃப்ரீயாவே நல்லது நிறைய இருக்கு. ஆனா போர்டுல வரவேண்டியது "மகப்பேறு மற்றும் குழந்தைகள் நல மருத்துவமனை", இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வார்த்தைல முடியுறது இங்க ரயில் நீளத்துக்குப் போகும். நீளமா இருந்தா போர்டு அடிக்கிறவங்க பக்கவாட்டுல அமுக்கிடுவாங்க. அமுக்கினா நிக்கிற கோடெல்லாம் மெலிஞ்சு படுத்த கோடு மட்டும் தடியா நிக்கும், ப ம ட மூணுலயும் அசிங்கமா தெரியும். அதனால அனெக் தமிழ் எடுத்தேன், ஏக் டைப்ங்கற ஃபான்ட் கம்பெனி பண்ணது, வெயிட்ட, அதாவது எழுத்தோட தடிமன, மாத்துற மாதிரியே அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், கோட்டோட தடிமன் கெடாது. இன்னொண்ணு, தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் ஒரே பாயின்ட் சைஸ் போட்டா ஒரே சைஸா தெரியும்னு நம்பாதீங்க. நான் ப எழுத்தையும் ஸ்மால் எக்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கண்ணால தான் பாப்பேன், ப கொஞ்சம் உசரமா, கேப்பிடலை விடக் குட்டையா இருந்தா எனக்குத் திருப்தி. வரி இடைவெளியும் தமிழுக்குக் கூடுதலா வேணும், மேல் வரில கூ வந்து கீழ் வரில கீ வந்தா ரெண்டும் முட்டிக்கும்.

-----

அண்ணே, அந்த வாசிச்சுக் காட்டச் சொல்ற ஐடியா செம. நான் பேக்கேஜிங் பக்கம், அதனால என் பஞ்சாயத்தே வேற.

ஒரு காரம் ஸ்வீட் கடைக்கு பவுச் டிசைன். ஓனர் பையன் நெட்ல பாத்து மெல்லிசா ஒரு ஃபான்ட் அனுப்பினாரு, பாக்க அவ்ளோ அழகு, கூடவே வந்த டெக்ஸ்ட் ஃபைல்ல பர்சனல் யூஸ் மட்டும்னு இருக்கு. கடை சரக்குல அதப் போடக் கூடாது, முதல்லயே சொல்லிட்டேன். அதுல ₹ குறியும் இல்ல, விலை அடிச்சா அந்த ஒரு எழுத்து மட்டும் வேற ஃபான்ட்ல குண்டா வந்து நிக்குது. 2010ல தான நம்ம உதயகுமார் பண்ண ரூபாய் குறிய அரசாங்கம் ஏத்துக்கிச்சு, அதுக்கு முந்தின ஃபான்ட்லயும், வெளிநாட்டுல சும்மா பண்ணிப் போட்டதுலயும் இது இருக்காது. ஃபான்ட் இறக்கினதும் நான் அடிச்சுப் பாக்குற முதல் எழுத்து அதான். இப்பல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்னு போட்டிருக்கறத தான் எடுக்குறேன், கடை வேலைக்குத் தாராளமா போடலாம்.

அப்புறம் கேட்டமரான்ல லைட் வெயிட் வச்சு மெரூன் கலர் மேல வெள்ளை எழுத்தா அனுப்பினோம், அந்த ஃபான்ட்ல ஒன்பது வெயிட் இருக்கு. பிரஸ்ல மெஷின் ஓட்டுற அண்ணன் ஃபைலப் பாத்ததுமே "தம்பி, கவர் ஓட்டத்துல இது நிக்காது, கலர் உள்ள ஏறிடும், மீடியமா மாத்து"ன்னாரு. டெஸ்ட் பீஸ் எடுத்துப் பாத்தா அவர் சொன்னது அப்படியே இருந்துச்சு, ணவோட சுழியெல்லாம் அடைஞ்சு போச்சு, அதை விட மோசம் புள்ளி காணாமப் போனது. இங்கிலீஷ்ல ஐ மேல இருக்கற புள்ளி போனா கூட வாசிச்சுடலாம், நமக்கு அப்படி இல்லல்ல, "முறுக்கு"ல புள்ளி போனா "முறுககு"ன்னு நிக்கும். மீடியம் வச்சதும் சரியாச்சு. தின், லைட் எல்லாம் ஸ்க்ரீனுக்கும் பெரிய வால் பெயின்ட்டிங்குக்கும் வச்சுக்கோங்க, பவுச்ல வேணவே வேணாம்.

-----

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் பெயர்ப்பலகை எண்டா சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டும் வரவேணும், அதால மூண்டுக்கும் ஒரே சாயல் இருக்கிற ஃபொன்ட் குடும்பமாத்தான் தேடுறது. பெரும்பாலும் நோட்டோ சான்ஸிலதான் வந்து நிப்பன், மூண்டு எழுத்தும் அதில இருக்கு, கோட்டுத் தடிப்பும் ஒத்துப்போகும். ஆனா சிங்கள எழுத்து முழுக்க வளைவு, தமிழ் கொஞ்சம் பெட்டி பெட்டியா நிக்கும், ஒரே சைஸில விட்டா எங்கட எழுத்துத்தான் நெருக்கமாயும் கறுப்பாயும் தெரியிறது. நான் தமிழுக்கு மட்டும் ஒரு வெயிட் குறைச்சுப் போடுவன், தள்ளி நிண்டு பாத்தா மூண்டு வரியும் ஒரே கறுப்பா இருக்கும்.

மினிமல் எண்டிட்டு எழுத்துக்கு இடையில இடைவெளிய இழுத்து விடுற பழக்கம் ஒண்டு இப்ப வந்திருக்கு. இங்கிலீஷ் கேப்பிடலுக்கு அது வடிவுதான். தமிழில அப்பிடி இழுத்தா கொம்பும் அரவும் (ா, கால் குறி) எழுத்த விட்டுக் கழண்டு தனித்தனியா நிக்கும், "கொ"வை ஆர் வாசிக்கிறது? தமிழ் வரிக்கு அத சைபரிலயே விடுங்கோ. இன்டிசைன் எண்ட பக்க வடிவமைப்பு சொஃப்ட்வெயாரில கொம்பு இடம் மாறி வந்தா ஃபொன்ட்ட மாத்த ஓடாதேங்கோ, பராகிராஃப் மெனுவில வேர்ல்ட் ரெடி கொம்போசர தெரிவு செய்தா எழுத்து ஒழுங்கா வந்திடும்.