அடித்தொண்டைக்கு 27, குழலுக்கு 18: கேனரி மதிப்பெண் சண்டை

மஞ்சள்சிறகு:
"கேனரிப் பறவைகளின் பாட்டுப் போட்டியில் உரக்கக் கத்துகிற பறவைதான் ஜெயிக்கும்" என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் ரோலர் கேனரி பாடி ஒருநாளாவது கேட்டிருந்தால் எழுதும்போது கை கூசியிருக்கும். அலகை மூடியபடி, தொண்டை உப்ப, தணிந்த குரலில் பாடுகிற இனம் அது. நான்கு ஆண் பறவைகளை ஒரு குழுவாக மேசையில் வைத்து நடுவர் கேட்பார். பாட்டில் வரும் ஓசை வகை ஒவ்வொன்றுக்கும் தனி உச்ச மதிப்பெண்: ஆழ்ந்து உருளும் ஹோல்ரோல்லெக்கு 27, உறுமலான க்னோர்ரெக்கு 27, மணியோசை போன்ற ஹோல்கிளிங்கலுக்கு 18, குழலோசையான பைஃபனுக்கு 18. ஒரு பறவைக்கு உச்சம் 90. இதில் கத்தலுக்கு எத்தனை, காட்டுங்கள்.

குயில்தோப்பு:
எழுதியவன் நான்தான். கத்தலை விடுங்கள். அடித்தொண்டையில் உறுமுகிற க்னோர்ரெக்கு 27, குழலோசை போன்ற பைஃபனுக்கு 18. எந்தக் காது இப்படிப் பங்கு பிரித்தது?

மஞ்சள்சிறகு:
கேள்வியை மாற்றிவிட்டீர்கள், பரவாயில்லை. பழகிய காது பிரித்தது. மந்திர ஸ்தாயியில் கரகரப்பில்லாமல் நிற்பது எளிதா? குரல் பிசிறினால் மதிப்பெண்ணைக் கழிக்கவும் செய்வார்கள். குழலோசை பல பறவைகளுக்கு வந்துவிடும். ஆழமான க்னோர்ரெ வராது.

குயில்தோப்பு:
அரிதாக வருவது இனிமையாகிவிடுமா? 27 ஏன் என்றுதான் கேட்டேன்.

கூண்டுநேசன்:
இருவரும் ஜெர்மனியைத் தாண்ட மாட்டீர்களா? ஸ்பெயினின் டிம்ப்ராடோ உலோகம் அதிர்வதுபோல் பாடும். 1962இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. அதற்குத் தரப்பட்டியலே வேறு. பெல்ஜியத்தின் வாட்டர்ஸ்லாகரிடம் நீர் கொப்பளிக்கும் ஓசையைத் தேடுவார்கள்.

மஞ்சள்சிறகு:
வாட்டர்ஸ்லாகரா? பரம்பரையாகவே உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் குறைந்த இனம் ஐயா அது. மேல் ஸ்தாயி அதற்குச் சரியாகக் கேட்காது. ஆய்வாளர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

கூண்டுநேசன்:
காது மந்தமான பறவை அப்படிப் பாடுகிறதென்றால் பெருமை யாருக்கு? போன மாதம் தீவன விவாதத்திலும் இதே ஏளனம்தான். சணல் விதையைப் பற்றி நான் சொன்னது சரி என்று இன்றுவரை உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

வழிப்போக்கன்:
சுரங்கத்தில் விஷவாயு பார்க்கத்தானே கேனரி வளர்த்தார்கள்? பாட்டுக்கு மதிப்பெண் எப்போது வந்தது?

மஞ்சள்சிறகு:
விஷவாயு பார்த்தது பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில், 1986 வரை. ஹார்ட்ஸ் மலையின் சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்கில் சுரங்கக் குடும்பங்கள் பாட்டுக்காகவே வளர்த்து, கூண்டு செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பின. குஞ்சுகளைத் தேர்ந்த பாடகனின் அருகில் இருட்டுக் கூண்டில் வைத்துப் பழக்கினார்கள். படிக்காமல் வந்து கேள்வி கேட்காதீர்கள்.

வழிப்போக்கன்:
கேட்டதற்கு இந்தச் சீற்றம் எதற்கு? இருட்டில் அடைத்து வைப்பதைப் பெருமையாகச் சொல்ல உங்களால்தான் முடியும்.

மஞ்சள்சிறகு:
நாள் முழுக்க இருட்டு என்று யார் சொன்னது? ஒளியைக் குறைத்து வைப்பார்கள். நடுவர் முன் வெளிச்சம் பட்டதும் பறவை பாடத் தொடங்கும். உங்கள் முற்றத்துக் கூண்டில் தலைக்கு மேல் மின்விசிறி சுழல்வதைப் படத்தில் பார்த்தேன். கருணையைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம்.

குயில்தோப்பு:
மின்விசிறி, சணல் விதை, பிரிட்டன் எல்லாம் வந்துவிட்டன. 27 மட்டும் அப்படியே நிற்கிறது.

மஞ்சள்சிறகு:
மூன்று முறை சொல்லியாயிற்று. ஹோல்ரோல்லெக்கும் அதே 27தானே, அதை ஏன் கேட்கவில்லை?

குயில்தோப்பு:
அது காதுக்கு இனிக்கிறது.

கூண்டுநேசன்:
சணல் விதைக்கு இன்னும் பதில் வரவில்லை.