14 மாசப் பிள்ளை சோத்தைக் கண்டா வாயை மூடிக்குது

மஸ்கெலியா அம்மா:
மகளுக்கு 14 மாசம், 9.1 கிலோ. பருப்புச் சோறு மிக்ஸியில அடிச்சுக் குடுத்தா நாலு வாய், அவ்வளவுதான். கட்டி பட்டா துப்பிடுறா. பால்மா 200 மில்லி, நாளைக்கு நாலு போத்தல். பகல்ல பிள்ளைக் காம்பராவுல (தோட்டத்துப் பிள்ளை காப்பகம்) பிஸ்கட்டும் கொஞ்சம் தேத்தண்ணியும். பசிக்கு டானிக் வாங்கவா?

மலைக்காற்று:
டானிக்கை விடுங்க, போத்தலைப் பாருங்க. 800 மில்லி உள்ளுக்குப் போனா பசி எங்கருந்து வரும்? ஒரு வயசுக்கு மேல 500 மில்லிக்குள்ள போதும். கூடுனா இரும்புச்சத்தும் குறையும். மூணு நாளைக்கு ஒரு தடவை ஒரு போத்தலைக் குறைச்சிட்டு வாங்க, சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கிறதை முதல்ல. மிச்சப் பாலைக் கோப்பையில குடுங்க. தாய்ப்பால் இருந்தா நிப்பாட்டாதீங்க, சாப்பாட்டுக்குப் பிறகு குடுக்கலாம்.

தேத்தண்ணி அறவே வேணாம். சாயத்துல உள்ள டானின், கீரை பருப்புல உள்ள இரும்பை உடம்புல சேர விடாது. நம்ம பக்கம் இதைச் சொன்னா சிரிப்பாங்க, பரவாயில்ல. காம்பரா ஆயாம்மாகிட்டயும் சொல்லி வைங்க, இல்லாட்டி வீட்டுல நிப்பாட்டினது அங்க நடக்கும்.

கொத்தமல்லி:
மிக்ஸியையும் நிப்பாட்டுங்க. 9, 10 மாசத்துல கட்டிக்குப் பழகாத பிள்ளை இப்படித்தான் துப்பும். ஒரேயடியா மாத்தாதீங்க. முதல்ல கரண்டி முதுகால மசிங்க, அஞ்சு நாளுக்குப் பிறகு அரைகுறையா, அப்புறம் குழைஞ்ச சோறு அப்படியே. அவிச்ச கரட், கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில குடுங்க, ரெண்டு விரலால அழுத்துனா நசுங்கணும். பச்சைக் கரட், முழுக் கச்சான் (நிலக்கடலை) வேணாம், மூச்சுக்குழல்ல அடைக்கும்.

நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, ஊறவச்சு உப்புப் போகக் கழுவி, வறுத்து இடிச்சு ஒரு தேக்கரண்டி சோத்துல பிசையலாம். தேசிக்காய் (எலுமிச்சை) ரெண்டு சொட்டு விட்டா இரும்பு நல்லாச் சேரும்.

பழைய தாதி:
புதுக் கறியை ஒரு தேக்கரண்டி மட்டும், பிடிச்ச சாப்பாட்டுக்குப் பக்கத்துல வைங்க. பத்துப் பதினஞ்சு தடவை வச்ச பிறகுதான் சில பிள்ளைங்க வாயில வைக்கும், மூணாம் தடவையே கைவிடுறதுதான் பிழை. அரை மணிக்குள்ள தட்டை எடுத்துடுங்க. போனைக் காட்டி ஊட்டுனா வயிறு நிறைஞ்சது பிள்ளைக்கே தெரியாது.

எடை இப்ப பயப்படுற மாதிரி இல்ல. ரெண்டாம் வருஷம் முழுக்கவே ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும், பசியும் அதுக்கேத்த மாதிரிக் குறையும். ஆனா கிளினிக் கார்டுல எடைக் கோடு தட்டையானாலோ, பிள்ளை மண் தின்னாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ மிட்வைஃப் மிஸ்கிட்டக் காட்டுங்க.

மஸ்கெலியா அம்மா:
சோத்துக்குப் பதிலா, கிளினிக்ல குடுக்கிற திரிபோஷா சத்துமா குடுக்கலாமா?

பழைய தாதி:
பதிலா வேணாம். மிட்வைஃப் எழுதிக் குடுத்தா, பத்து மணிக்கு அந்த பிஸ்கட் இடத்துல, அதோட துருவின தேங்காயும் வாழைப்பழமும் பிசைஞ்சு ரெண்டு சின்ன உருண்டை.