பவுடர் கோட்டிங்: 'பொடிப் பூச்சு' வேண்டாம், 'தூள் சுடுபூச்சு' என்று வைப்போம்

> பொடிப் பூச்சு என்றாலே விளங்கும்தானே, ஏன் சொல்லை நீட்ட வேண்டும்?

விளங்காது அண்ணன். வாகன ரிம்முக்கு நிறம் கொடுக்கிற 'பவுடர் கோட்டிங்' வேலைக்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பொடிப் பூச்சு என்றால், ரிம்மில் ஏதோ பவுடரைத் தடவிவிடுகிறார்கள் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வேன் வைத்திருக்கிறவர்கள் கராஜில் கேட்பதே "பெயின்ட் அடிக்கவா, பவுடர் கோட்டிங் பண்ணவா, ரெண்டும் கலர்தானே" என்றுதான். ரெண்டும் எங்கே பிரிகிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

பிரிகிற இடம் அடுப்பு. பெயின்ட்டில் நிறமும் பிசினும் கரைப்பானில் கலந்திருக்கும், அடித்த பிறகு கரைப்பான் ஆவியாகிப் படலம் நிற்கும். பவுடரில் கரைப்பானே கிடையாது. உலர்ந்த தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து, புவித்தொடுப்புச் செய்த (எர்த் பண்ணின) ரிம்மில் அடிக்கிறார்கள், அது நிலைமின் கவர்ச்சியால் ஒட்டிக்கொண்டு நிற்கும், அந்த நேரத்தில் விரலால் தொட்டால் அப்படியே கையோடு வந்துவிடும். அப்புறம் 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடான அடுப்புக்குள் போய், உருகிப் படர்ந்து, இறுகி, ஏறக்குறைய 60 முதல் 80 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) தடிப்பில் ஒரே தோலாகிவிடும். மறுபடி சூடாக்கினாலும் உருகாது.

இதற்கு யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் சொன்ன 'உருக்குப் பூச்சு' அழகான சொல்தான், ஆனால் நம் பாடப்புத்தகத்தில் உருக்கு என்றால் ஸ்டீல். அலோய் (அலுமினியக் கலப்புலோக) ரிம்முக்கு உருக்குப் பூச்சு என்று எழுதினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? இங்கே நடப்பதும் வெறும் உருகல் இல்லை, சூட்டில் நிலைமாறி இறுகல். அதற்கு 'சுடு' பொருந்தும். சுடுமண் என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

சரி, கம்பனியில் காரின் உடம்புக்கு (body) அடிக்கிற பெயின்ட்டையும் அடுப்பில்தானே காய வைக்கிறார்கள் என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அதனால்தான் சுடுபூச்சு என்பதைப் பொதுச்சொல்லாக வைத்து, முன்னால் பொருளைச் சேர்க்கச் சொல்கிறேன்: தூள் சுடுபூச்சு, தீந்தைச் சுடுபூச்சு (தீந்தை என்றால் பெயின்ட்). அடுப்பில்லாமல் காய்வது வெறும் தீந்தைப் பூச்சு. பேச்சில் தூள்பூச்சு என்று சுருங்கினால் சுருங்கட்டும். (தூளுக்கு ரோட்டில் போதைப்பொருள் என்ற அர்த்தமும் இருக்கிறது, தெரியும். அதற்காகத் தேயிலைத்தூளுக்குப் பேர் மாற்றினோமா?)

சொல்லில் அடுப்பு இருந்தால் வாடிக்கையாளர் சரியான கேள்வியைக் கேட்பார். டயர், வால்வு, பெலன்ஸ் ஈயம் எல்லாம் கழற்ற வேண்டும், பழைய பெயின்ட்டை மணலடித்து எடுக்க வேண்டும், நட் உட்காரும் இடத்தையும் ஹப்போடு பொருந்தும் முகத்தையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் தடித்த பூச்சு நசுங்கி நட் தளரும். வார்ப்பு அலுமினியத்தை அளவுக்கு மேல் அதிக நேரம் சுட்டால் பலமும் குறையும். 'எத்தனை பாகையில், எவ்வளவு நேரம்' என்று கேட்டுப் பதில் வராத இடத்தில் ரிம்மைக் கொடுக்காதீர்கள்.

ரம்பொடை மலைப் பக்கம் இறங்கும்போது பிரேக் சூடும் பிரேக் தூசியும் ரிம்மில்தான் ஏறும், ஜல்லியும் தெறிக்கும். அதற்குத் தூள் சுடுபூச்சு நன்றாகத் தாங்கும். ஆனால் தோட்டத்து ரோட்டில் ஒதுங்கி ஒதுங்கிக் வடிகான் ஓரத்தில் ரிம்மை உரசுகிற ஆளுக்கு நான் பெயின்ட்தான் சொல்வேன். உரசின இடத்தைத் தேய்த்து அங்கேயே ஒரு கை அடித்துவிடலாம். தூள் சுடுபூச்சில் காயம் பட்ட இடத்தால் ஈரம் உள்ளே போய், பூச்சு தோலாக உரியும், சரியாகச் செய்வதென்றால் முழு ரிம்மையும் மறுபடி சுட வேண்டும்.

இந்தச் சொல்லின் வரைவிலக்கணத்தில் 'நிலைமின்', 'சுடுதல்' ரெண்டும் வரட்டும். அடுத்த சொல், தூளை அடிக்கிற 'கன்'. அதைத் துவக்கு (துப்பாக்கி) என்று போடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நீர் பீச்சும் கருவிக்குச் சிவிறி என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவோம்.