நைனாவின் டீயும் அந்த வெள்ளை வில்லையும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காட்பாடியிலிருந்து:

2023 ஜூலையில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். செயற்கை இனிப்பு பற்றிய செய்தியால் உங்கள் வீட்டிலும் ஏதாவது மாறியிருந்தால் எழுதுங்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருவலம் பக்கம் நிலம். முப்பது வருடம் கரும்பு பயிரிட்டு அம்முண்டி ஆலைக்கு அனுப்பியவர். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடமாகிறது. சாப்பாட்டைக் குறைத்தார், டீயை மட்டும் விடமாட்டேன் என்றார். அதனால் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு வில்லைக்கு மாறினார். சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடச் சிறிய டப்பி. தலையை அழுத்தினால் டிக்கென்று ஒரு வில்லை டம்ளரில் விழும். நுரைக்கு நடுவில் சுற்றிச் சுற்றிக் கரையும். நாளைக்கு நான்கு டீ, நான்கு வில்லை.

ஜூலை 14 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை, புற்றுநோய் வரவழைக்கலாம் என்ற '2பி' பிரிவில் சேர்த்தது. மறுநாள் விடிவதற்குள் சித்தப்பா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டது, மண்டை ஓட்டுப் படத்தோடு. நைனா டப்பியைக் குப்பையில் போட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரை வாங்கி வரச் சொன்னார். "நம் மண்ணில் விளைந்தது, ஒன்றும் செய்யாது" என்றார். வாழ்நாளெல்லாம் கரும்பு வெட்டியவரிடம் நான் என்ன எதிர்த்துப் பேசுவேன்? ஒவ்வொரு டீக்கும் இரண்டு கரண்டி.

அக்டோபரில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்த்தோம். 7.4 இருந்தது 9.3 ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய வேதனை, இடது கால் விரலிடுக்கில் ஒரு புண். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் கிடந்த செருப்பின் வார் ஈரமாகக் கறுத்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

மருத்துவர் அம்மா அவரைத் திட்டவில்லை. சீட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினார். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அஸ்பார்டேம் வரை ஏற்கத்தக்கது. நைனா 60 கிலோ, ஆக 2,400. டப்பியின் பின்பக்கத்தில் வில்லைக்கு 18 என்று அச்சிட்டிருந்தது. நான்குக்கு 72. அந்த 40 என்ற அளவை மாற்றத் தேவையில்லை என்று உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு அறிவித்ததும் அதே ஜூலை 14 அன்றுதான். அது எங்கள் வாட்ஸ்அப்புக்கு வரவே இல்லை. '2பி' என்றால் புற்றுநோய் வரவழைக்கலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம்தான் இருக்கிறது என்று பொருள். எத்தனை வில்லையில் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது.

அதற்கு முன்பே, மே மாதத்தில், எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று அந்தப் பரிந்துரையிலேயே எழுதியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் இதில்தான். யாருக்கு, எவ்வளவு என்ற இரண்டையும் வெட்டிவிட்டு மீதியை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, நைனாவின் கால் எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த முதல் செயற்கை இனிப்பு, பள்ளிக்கூட வாசலில் மரப்பெட்டியில் விற்ற குச்சி ஐஸ். எண்பதுகளில் பத்து பைசா. உறிஞ்ச உறிஞ்ச நிறம் போய்விடும், வெறும் பனிக்கட்டியாக வெளுத்துப் போகும். இனிப்பு மட்டும் நாக்கின் அடியில் கசப்போடு நிற்கும். வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் தண்ணீரும் இனிக்கும். "சாக்ரின் ஐஸ் தின்றாயா?" என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார்.

அந்த சாக்ரினும் இதே பாடு பட்டதுதான். 1879இல் அமெரிக்காவில் நிலக்கரித் தார் ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்தது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது என்று 1977இல் அங்கே தடை செய்யப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்ததால் தடை நின்று எச்சரிக்கை வாசகம் மட்டும் வந்தது. எலிக்கு நேரும் விதம் மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்து 2000இல் அந்த வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருடம் ஒரு தலைமுறையே பயந்துகொண்டு இருந்திருக்கிறது.

ஆனாலும் நான் என் மகனுக்குக் கொடுப்பதில்லை. அவன் வாங்கி வந்த சர்க்கரை இல்லாத குளிர்பானப் புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தேன். 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை' என்று எறும்பு அளவு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெரிதாகத் தமிழில் போட்டால் என்ன?

ஆற்காட்டிலிருந்து:

நான் இனிப்புக் கடையில் சரக்கு மாஸ்டர். மக்கன் பேடா கேட்டு வருபவர்களில் தினமும் நாலைந்து பேர் "சுகர் இல்லாதது இருக்கிறதா?" என்கிறார்கள். மக்கன் பேடாவின் உயிரே பாகுதான். பொரித்து எடுத்து, பாகில் ஊறினால்தான் உள்ளே போகும். அஸ்பார்டேம் கொதியில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். சுக்ரலோஸ் என்ற இன்னொரு செயற்கை இனிப்பு சூடு தாங்கும், ஆனால் சர்க்கரையைவிட 600 மடங்கு இனிப்பு என்பதால் சிட்டிகைதான் போட முடியும். சிட்டிகையில் பிசுக்கு ஏது, கம்பிப் பதம் ஏது? அதனால் அந்த இனிப்பை வேறு மாவுப் பண்டங்களில்தான் போடுகிறார்கள். அதிலும் கோவா இருக்கிறது, மைதா இருக்கிறது, நெய் இருக்கிறது. சர்க்கரை இல்லை என்ற சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் அரைக் கிலோ வாங்கினார், தான் ஒருவரே தின்ன. மைதாவும் சர்க்கரையை ஏற்றும் ஐயா என்று சொல்லிக் கால் கிலோவாகக் குறைத்துக் கொடுத்தேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து:

எல்லாம் வீண் பயம் என்று எழுதிவிடாதீர்கள். 2022இல் பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இந்த இனிப்புகளை அதிகம் எடுத்தவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. இனிப்புதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தெரியும். எனக்கு நோய் எதுவும் இல்லை. பிறகு நான் ஏன் குடிக்க வேண்டும்? நிறுத்திவிட்டு மோருக்கு வந்துவிட்டேன்.

காட்பாடியிலிருந்து:

சத்துவாச்சாரி அக்கா, உங்களுக்கு அதுதான் சரி. நைனாவுக்கு நாட்டுச்சர்க்கரையை விட்டால் வில்லை, இரண்டையும் விட்டால் கசப்பு டீ. வழி அவ்வளவுதான்.

குடியாத்தம் தம்பி, புண் ஆற ஏழு வாரம் பிடித்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் டப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான்கு இப்போது இரண்டாகியிருக்கிறது. நேற்று மாலை வில்லையே போடாமல் ஒரு டம்ளர் எடுத்தார். இரண்டாம் மிடறில் முகம் சுளித்தது. கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். குடித்து முடித்துவிட்டு, சித்தப்பாவுக்கு போன் போட்டுக் கொடு என்றார்.